பெருநாள் காசுக்கு யார் கணக்குச் சொல்வது?



பிரேம்சந்த் 1933இல் எழுதிய 'ஈத்கா' என்ற சிறுகதையை உங்களுள் பலர் மொழிபெயர்ப்பில் படித்திருப்பீர்கள். தாயும் தந்தையும் இல்லாத ஹாமித் என்ற சிறுவன், அமீனா என்ற தன் மூத்தம்மாவோடு ஒரு கிராமத்தில் வாழ்கிறான். பெருநாள் வருகிறது. கூட்டாளிகள் தங்கள் சட்டைப்பையிலிருக்கும் காசை எண்ணி எண்ணி மகிழ்கிறார்கள். மஹ்மூதிடம் பன்னிரண்டு பைசா, மொஹ்சினிடம் பதினைந்து. ஹாமிதிடம் இருப்பது மூன்றே மூன்று. தொழுகை முடிந்ததும் மற்றவர்கள் ராட்டினம் ஏறுகிறார்கள், மண்பொம்மை வாங்குகிறார்கள், இனிப்புச் சாப்பிடுகிறார்கள். ஹாமித் இரும்புக் கடைக்குப் போய், ஆறு பைசா என்று சொன்ன இடுக்கியைப் பேரம்பேசி மூன்று பைசாவுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். ரொட்டி சுடும்போது மூத்தம்மாவின் விரல்கள் சுடுவதை அவன் பார்த்திருக்கிறான்.

இக்கதையைப் பாசத்தின் கதையாகவே நாம் படித்து வருகிறோம். அது சரியே. ஆனால் காசின் கதையாகவும் அதைப் படிக்கலாம். ஹாமிதுக்குச் சிக்கனத்தைப் பற்றி எவரும் உபதேசம் செய்யவில்லை. உண்டியல் வாங்கிக் கொடுக்கவுமில்லை. அவனுக்குக் கிடைத்தவை இரண்டு. முதலாவது, வீட்டு நிலைமை அவனுடைய கண்முன்னே இருந்தது. தையல் கூலியில் மிஞ்சியது இரண்டணா. அதாவது எட்டுப் பைசா. அதில் ஐந்து மூத்தம்மாவின் பையில், மூன்று பேரனின் பையில். இரண்டாவது, அந்த மூன்று பைசாவும் முழுமையாக அவனுடையதாக இருந்தது. "இதை வாங்கு, அதை வாங்காதே" என்று சொல்லி அமீனா அனுப்பவில்லை.

தெரிந்துகொள்ளும் உரிமையும் தீர்மானிக்கும் உரிமையும் கிடைத்த பிள்ளையிடத்தில் பொறுப்பு தானாகவே வந்து சேர்கிறது. பிள்ளைகளுக்குக் காசைப் பற்றிய பொறுப்பைக் கற்பித்தல் என்னும் இன்றைய பொருளில் நான் சொல்ல விரும்புவது ஏறத்தாழ இவ்வளவுதான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள நமது கரையோர ஊர்களை மனதிற்கொண்டு இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நமது மூத்தோர் சொல்வார்கள். இப்பழமொழி செலவு செய்யாதே என்று சொல்லவில்லை. ஆற்றிலே போடுவதென்றாலும் போடு, ஆனால் எவ்வளவு போட்டாய் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்கிறது. வள்ளுவரும் இப்படித்தான் நினைத்திருக்கிறார். வரவு சிறியதாக இருப்பதில் ஆபத்தில்லை, செலவு அதை மீறிப் போவதிலேதான் ஆபத்து என்ற கருத்தை அவர் எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? பொருள் செயல்வகை அதிகாரத்தில் அன்று. அரசன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோடுவதைப் பற்றிய 'வலியறிதல்' என்ற 48ஆம் அதிகாரத்தில். தன் கையிலுள்ள காசின் அளவை அறிவதும் தன் பலத்தை அறிவதும் ஒன்றே என்பது அவருடைய எண்ணமாக இருக்கவேண்டும்.

இந்த அளவறிவு நமது ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் பாடப்புத்தகம் இல்லாமலே கிடைத்தது. கடைக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சிறுபராயத்தில், அரிசி தவிர்ந்த மற்ற எல்லாச் சாமான்களும் கொப்பிக்கே வாங்கப்பட்டன. உம்மா கொப்பியைத் தந்து கடைக்கு அனுப்புவார். கடைக்காரர் சீனி, தேயிலை, மண்ணெண்ணெய் என்று எழுதி, பக்கத்திலே விலையும் போட்டுத் தருவார். காசில்லாமலே சாமான் கிடைக்கும் அற்புதக் கொப்பி அது என்றுதான் சிறுபிள்ளை நினைக்கும். வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல்லு விற்ற பிறகு ஒருநாள் வாப்பா அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவார். "கணக்கப் பாத்துச் சொல்லுங்க காக்கா" என்பார். ஒவ்வொரு பக்கமாகக் கூட்டி, மொத்தத்தை எழுதி, காசை எண்ணிக் கொடுத்து, பக்கங்களைக் குறுக்கே வெட்டிவிட்டு வருவார்கள். ஆறு மாதமாக வாங்கிய சீனியும் தேயிலையும் ஒரே பிற்பகலில் காசாக மாறுவதைப் பிள்ளை பார்க்கும். கடன் என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை.

கடற்கரையிலும் இதே பாடந்தான். கரைவலை இழுக்கும்போது பிள்ளைகளும் கயிற்றின் கடைசியைப் பிடிப்பார்கள்; கறிக்கு நாலு மீன் கிடைக்கும். மீன் விற்ற பிறகு வலைக்கு இவ்வளவு, தோணிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதை மணலில் குந்தியிருந்து பார்ப்பார்கள். மருதமுனையில் தறி இருந்த வீடுகளில் நூல் சுற்றிக் கொடுத்த பிள்ளைகளுக்கு, ஒரு சாரனில் நூல் விலையும் சாய விலையும் போக மிச்சம் எவ்வளவு என்ற பேச்சு தறியடியிலேயே காதில் விழும். அந்தக் காலத்து வறுமையையோ சிறுவர் வேலை செய்ததையோ நான் புகழ்ந்து பேசவில்லை. பிள்ளைகள் படிக்கவேண்டும், விளையாடவேண்டும். ஆனால் காசு எங்கிருந்து புறப்படுகிறது, எந்த வழியாக வருகிறது, எங்கே போகிறது என்ற பாதை அன்று பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்தது என்பதை மறுக்க முடியாது.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நமது ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் பயணம் தொடங்கியது. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு பணியகமே 1985இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. கல்வீடுகள் எழும்பின, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள், குமர்கள் கரைசேர்ந்தார்கள். நன்மைகள் பல. ஆனால் காசின் பாதை கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று. கட்டாரிலே வெயிலில் நிற்கும் வாப்பாவைப் பிள்ளை காண்பதில்லை. வங்கியில் வந்து விழும் தொகையை மட்டுமே காண்கிறது. தொலைபேசியில் வாப்பாவின் சிரித்த முகம் தெரியும். "என்ன வேணும் மகன்?" என்று அவர் கேட்பார். பிரிந்திருக்கும் தகப்பனுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். பிள்ளையும் சொல்லப் பழகிவிடும்.

ஹாமிதிடமும் அவனுடைய வாப்பா உழைக்கப் போயிருக்கிறார், பை நிறையக் காசோடு வருவார் என்றே சொல்லப்பட்டிருந்தது. அமீனா மரணத்தை அவனிடமிருந்து மறைத்தாள், வறுமையை மறைக்கவில்லை. நாம் இன்று மறைப்பது உழைப்பை.

போதாக்குறைக்கு, காசே இன்று உருவமில்லாததாகிக் கொண்டிருக்கிறது. சதுரமான ஐந்து சதத்தையும் விளிம்பு வளைந்த பத்துச் சதத்தையும் தடவிப் பார்த்தே நாங்கள் கணக்குப் படித்தோம். இன்றைய பிள்ளைக்குக் காசு என்பது 'ரீலோட்'. விரலால் ஒருமுறை தட்டினால் போய்விடும். போனது எவ்வளவு என்று கைக்குத் தெரியாது.

இனி, நமது வீடுகளில் எல்லோரும் அறிந்த, எவரும் பேசாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பெருநாள் காசு. பெருநாளன்று மாமா, சாச்சா, பெரியம்மா என்று ஒவ்வொருவரும் பிள்ளையின் கையில் ஒரு தாளை வைப்பார்கள். அஸருக்கிடையில் அது ஒரு நல்ல தொகையாகிவிடும். "கொண்டா மகன், உம்மா வெச்சிருக்கன்" என்ற குரல் வரும். பிள்ளையும் கொடுத்துவிடும். அதன் பிறகு அந்தக் காசைக் கண்டவர் இல்லை. சில கிழமைகள் கழித்துப் பிள்ளை கேட்டால், "உனக்குத் தின்னத் தாறது யாரு?" என்ற கேள்வி பதிலாக வரும்.

அந்தத் தாய் அக்காசை வீணாக்கியிருக்க மாட்டாள். மின்சாரப் பட்டியலுக்கோ, அந்தப் பிள்ளையின் சப்பாத்துக்கோ அது போயிருக்கும். குடும்பத்தின் தேவைக்குப் பிள்ளையின் காசை எடுக்க நேர்வது குற்றமன்று. சொல்லாமல் எடுப்பதும், கேட்டபோது கணக்குச் சொல்லாமல் விடுவதுமே குற்றம். அந்த நாளில் பிள்ளை இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறது. கையிலிருப்பதை உடனே செலவழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும் என்பது ஒன்று. வலியவர் எளியவருக்குக் கணக்குச் சொல்லத் தேவையில்லை என்பது மற்றொன்று. அந்த இரண்டாவது பாடத்தைப் படித்து வளர்ந்தவர்கள் நாளைக்குச் சங்கங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் பொருளாளர்களாக வருவார்கள் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்குச் சான்று பகர்கிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையான 28 பிள்ளைகளை இரு கூட்டமாகப் பிரித்தார்கள். "இதைவிட நல்ல வர்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன், பொறுத்திரு" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னார்கள். ஒரு கூட்டத்துக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றக் கூட்டத்திடம் வெறுங்கையோடு வந்து, "இல்லை" என்றார்கள். அதன் பின்னர் ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் ஓர் இனிப்பை வைத்து, பதினைந்து நிமிடம் தின்னாமல் பொறுத்திருந்தால் இன்னொன்றும் தருவதாகச் சொன்னார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் மூன்றே நிமிடம். முழு நேரமும் பொறுத்திருந்தவர்கள் முதற் கூட்டத்தில் பதினான்கு பேரில் ஒன்பது பேர். இரண்டாவது கூட்டத்தில் ஒரே ஒரு பிள்ளை.

பொறுத்திருப்பதுதானே சேமிப்பின் வேர்? அந்தப் பொறுமை பெரியவரின் வாக்கில் முளைக்கிறது. "எங்கள் பிள்ளைகளின் கையில் காசு நிற்பதில்லை" என்று முறையிடுகிறவர்கள், அந்தக் கையிலிருந்து வாங்கிய காசுக்கு என்ன பதில் சொன்னோம் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

உலகத்தின் சேமிப்பு இயக்கங்களும் இந்த உண்மையை அறிந்திருந்தன. பெல்ஜியத்தில் கெண்ட் நகரச் சட்டப் பேராசிரியர் பிரான்சுவா லோரன் 1866இல் பாடசாலைச் சேமிப்பைத் தொடங்கி வைத்தபோது, தொழிலாளர் பிள்ளைகளின் சில்லறைக் காசு அந்தந்தப் பிள்ளையின் பெயரிலேயே எழுதப்பட்டது. 1924இல் மிலான் நகரில் கூடிய மாநாட்டின் நினைவாக ஒக்டோபர் 31 உலக சேமிப்புத் தினமாயிற்று. நமது நாட்டில் தபாலகச் சேமிப்பு வங்கி 1885இல் தொடங்கியது. 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சேமிப்பு வங்கியுடன் அது பின்னர் இணைந்தது. வட்டியை விலக்க விரும்பும் குடும்பங்களுக்கு, முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கும் அமானா வங்கி 2011இல் வந்தது. டில்லியில் தெருவோரச் சிறுவர்களுக்காக 2001இல் தொடங்கப்பட்ட சேமிப்பு நிலையத்தில் பிள்ளைகளே முகாமையாளர். கடன் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் குழுவும் பிள்ளைகளே.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப்படுவது அந்தச் சிறிய புத்தகம். பிள்ளையின் பெயர், திகதி, வைத்த தொகை, எடுத்த தொகை, மீதி. காசைக் கையில் வாங்கிய பெரியவர் எழுத்திலே பதில் சொல்கிறார். உண்டியலில் அந்தப் பதில் இல்லை. உண்டியல் காசை ஒளித்து வைக்கும், கணக்குச் சொல்லாது.

நமது சமூகத்தில் இதற்கு ஓர் அழகான சொல் இருக்கிறது: அமானிதம். பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருத்தல். அநாதைகளின் சொத்தைப் பற்றி அல்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் கூறும் ஒழுங்கை நாம் அறிவோம். பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அவர்களிடம் தெளிவு தென்பட்டால் சொத்தை ஒப்படைக்க வேண்டும். பெரியவர்களாகிவிடுவார்களே என்று அவசரமாகத் தின்று தீர்க்கக் கூடாது. ஒப்படைக்கும்போது சாட்சி வைக்கவும் வேண்டும். 'சோதித்துப் பார்த்தல்' என்பதைக் கவனியுங்கள். சிறிய தொகையைக் கையில் கொடுத்து, என்ன செய்கிறது என்று பார்த்தாலல்லவா தெளிவு வந்ததா இல்லையா என்று தெரியும்?

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். நமது கரை முழுவதும் தாய் தந்தையற்ற பிள்ளைகள். அவர்களுடைய பாதுகாப்புக்கும் சொத்துக்கும் ஏற்பாடு செய்ய 2005இல் ஒரு விசேட சட்டமே இயற்றப்பட்டது. அநாதையின் பொருளில் கைவைக்க அஞ்சும் சமூகம் இது. அந்த அச்சத்தில் ஒரு சிறு பங்கையாவது, வாப்பாவும் உம்மாவும் உயிரோடிருக்கும் நமது பிள்ளைகளின் காசிலும் காட்டினால் என்ன என்பதே என் கேள்வி.

2022ஆம் ஆண்டு நெருக்கடியும் நமக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நின்ற வரிசைகளில் பிள்ளைகளும் நின்றார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்களுக்குச் சராசரியாக 170 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வருடமாக உண்டியலில் 1000 ரூபா வைத்திருந்த பிள்ளைக்கு, முந்திய ஆண்டு 589 ரூபாவுக்குக் கிடைத்த அளவே கிடைத்தது. உண்டியல் உடையவில்லை, எவரும் திருடவுமில்லை. ஆனால் காசு மெலிந்துவிட்டது. அந்த நாட்களில் சில வீடுகளில் பெரியவர்கள் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து நிலைமையைச் சொன்னார்கள். பால்மா குறையும், சைக்கிள் இவ்வருடம் இல்லை என்றார்கள். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளைகளில் பலர், கேட்காமலே தங்கள் தேவைகளைக் குறைத்துக்கொண்டதை நான் அறிவேன். சொல்லப்படாத பிள்ளைகளுக்குக் கிடைத்தது பெரியவர்களின் கோபம் மட்டுமே. அதற்குக் காரணம் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே, நேயர்களே, செய்யக்கூடியவை என்று சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை, அது ஐம்பது ரூபாவாயினும், குறித்த நாளில் தவறாமல் கொடுங்கள். தொகையைவிட நாள் முக்கியம். பிள்ளை அதை முதல் நாளே செலவழித்துவிட்டால் ஏசவும் வேண்டாம், மறுபடியும் கொடுக்கவும் வேண்டாம். மிச்ச ஆறு நாளும் அதற்கு ஆசிரியர். ஐம்பது ரூபாவில் தவறு செய்து படிப்பவன், ஐந்து இலட்சத்தில் அந்தத் தவறைச் செய்யமாட்டான்.

மாதம் ஒருமுறை மின்சாரப் பட்டியலையும் கடைக் கணக்கையும் பிள்ளையைக் கொண்டே கூட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வாப்பா இருக்கும் வீடுகளில், கேட்ட சாமானின் விலை வாப்பாவின் எத்தனை நாள் சம்பளம் என்று பிள்ளையே வகுத்துப் பார்க்கட்டும். அதைத் தொலைபேசியில் வாப்பாவே சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பயமுறுத்துவதற்காகச் செய்ய வேண்டாம், கணக்காகச் செய்யுங்கள்.

பெருநாள் காசை வாங்கி வைப்பதானால், ஒரு கொப்பியில் எழுதிப் பிள்ளையிடமே கொடுங்கள். எடுக்க நேர்ந்தால் கேட்டு எடுங்கள். "இருநூறு ரூபா கடன் எடுத்திருக்கிறேன், நெல்லு வித்துத் தாறன்" என்று எழுதி உங்கள் பெயரையும் போடுங்கள். சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். கொடுக்க முடியாவிட்டால், முடியவில்லை என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள்.

கடனைத் திருப்பித் தரும் தகப்பனைக் கண்ட பிள்ளைக்குக் கடனைப் பற்றி வேறு பாடம் வேண்டியதில்லை. தன் காசுக்குக் கணக்குச் சொன்ன தாயிடம் வளர்ந்த பிள்ளை, பிறர் காசுக்குக் கணக்குச் சொல்லத் தயங்காது. ஹாமித் வாங்கி வந்த இடுக்கியைக் கண்டு அமீனா அழுதாள் என்று பிரேம்சந்த் எழுதுகிறார். மூன்று பைசாவை நம்பிக் கொடுத்த கை அது.